எலியும் உவம உருபும்

சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் வட்டாரத்தில் புக்கிட் சண்டு என்றொரு குன்று உண்டு. சண்டு என்பது காய்ச்சிப் பக்குவம் செய்த அபினிக்கு மலாய் மொழியில் வழங்கும் பெயர். அரசாங்கத்தின் அபினித் தொழிற்சாலை அக்குன்றின் அடிவாரத்தில் இருந்தமையால் குன்றுக்கும் அப்பெயரே நிலைத்தது. 1910இல் அபினி வாணிகம் குத்தகைக்காரர் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு மாறியது. 1946இலேதான் அது முற்றாகத் தடை செய்யப்பட்டது. ஒரு காலத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் ஏறத்தாழப் பாதி அந்தப் புகையிலிருந்தே வந்தது. கப்பலில் வந்திறங்கிய அபினியில் பெரும்பகுதி இந்திய மண்ணில் விளைந்தது. ஆகவே, அபினியின் கதை சிங்கப்பூர்த் தமிழர்க்கு அயலார் வீட்டுக் கதை அன்று.

வலியைத் தணிக்க வேண்டும், மனத்தைத் தேற்ற வேண்டும், ஆனால் அடிமையாக்குதல் கூடாது. அபினியின் கிளையில் இத்தகைய மருந்தொன்றைத் தேடும் முயற்சி நூறாண்டுக்கும் மேற்பட்டது. 1898இல் ஹெராயின் விற்பனைக்கு வந்தபொழுது, அது மார்பினைவிடத் தீங்கு குறைந்தது என்று நம்பப்பட்டது. அந்நம்பிக்கையின் முடிவை உலகம் அறியும். அத்தேடலின் அண்மைக்காலக் கிளையொன்று, டெல்ட்டா அபினியேற்பியின் மீது வேலை செய்யும் மருந்துகளைப் பற்றியது. அம்மருந்துகள் எலிகளிடத்தும் சுண்டெலிகளிடத்தும் விளைத்த நடத்தை மாற்றங்களைக் குறித்துப் பல ஆராய்ச்சிகள் வெளிவந்துள்ளன. அவற்றைத் தமிழில் எவ்வாறு சொல்லுதல் தகும் என்பதே ஈண்டு எழும் வினா. மருத்துவ வினாப்போல் தோன்றும் இது, உண்மையில் உவமவியல் வினாவாகும்.

பெயரின் வரலாறு

உயிரணுக்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்னும் புரதங்கள் உள்ளன. உரிய பொருள் வந்து பொருந்தினால் உயிரணுவுக்குள் செய்தி செல்லும். பூட்டும் சாவியும் என்று பள்ளியில் இதனை விளக்குவர். அபினிப் பொருள்கள் பொருந்தும் ஏற்பிகள் மூளையில் உள்ளன என்பது 1973இல் காட்டப்பட்டது. கசகசாச் செடியின் பாலுக்கு மூளையில் பூட்டு ஏன் இருக்க வேண்டும் என்ற ஐயம் உடனே எழுந்தது. 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ் ஆகிய இருவரும் விடை கண்டனர். உடல் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்கெபலின் என்னும் பொருளைப் பன்றியின் மூளையிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்தனர். பூட்டு அபினிக்காக அமைந்ததன்று. அபினி கள்ளச் சாவி என்பது அப்பொழுது புலனாயிற்று.

1977இல் அபர்டீன் குழுவினர் சுண்டெலியின் விந்துநாளத்தை வைத்து ஆராய்ந்தபொழுது, அங்கே மார்பினைவிட என்கெபலினே வலிமையாக வேலை செய்வதைக் கண்டனர். ஆகவே இது தனியோர் ஏற்பி என்று கொண்டு, அந்நாளத்தின் இலத்தீன் பெயரின் முதலெழுத்தை ஒட்டி டெல்ட்டா என்னும் கிரேக்க எழுத்தால் அதனைக் குறித்தனர். டெல்ட்டா என்றதும் தமிழ் வாசகர்க்குக் காவிரிப் படுகையே நினைவுக்கு வரும். இந்த டெல்ட்டாவுக்கு ஆற்றோடு உறவில்லை. 1992இல் அவ்வேற்பியின் மரபணுவை லாஸ் ஏஞ்சலிஸ், ஸ்ட்ராஸ்பூர்க் ஆகிய நகரங்களில் இருந்த இரு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. அவ்வேற்பியைத் தூண்டும் எஸ்.என்.சி. 80 என்னும் மருந்து 1994இல் அறிவிக்கப்பட்டது. அதனைத் தடுக்கும் நால்ட்ரின்டோல் என்பது 1988ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது.

இவ்வேற்பியைப் போதை ஏற்பி என்று மொழிபெயர்த்தல் பிழை. போதைப்பொருள் என்பது சட்டத்துக்குப் பொருத்தமான சொல். உடலின் உறுப்பொன்றுக்குப் பொருத்தமானதன்று. வீட்டின் பூட்டைத் திருட்டுப் பூட்டு என்று யாரும் அழைப்பதில்லை. அபினியேற்பி என்பதே போதும்.

எலி செய்தது என்ன?

இனி நடத்தைச் சோதனைகளைக் காண்க. 1977இல் போர்சோல்ட் என்பாரும் உடனுழைத்தோரும் வகுத்த நீச்சற் சோதனை இத்துறையில் பெரிதும் கையாளப்பட்டது. ஏறி வெளிவர முடியாத உயரமான குடுவையில் நீர் நிரப்பி எலியை விடுவர். முதலில் அது முனைந்து நீந்தி வழி தேடும். பின்னர், மூக்கை மட்டும் நீருக்கு மேலே வைத்துக்கொண்டு அசையாமல் மிதக்கும். மனிதரின் மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் மருந்துகள் பலவற்றை முன்னரே கொடுத்தால், இந்த அசையா நேரம் குறைகிறது. கடிகாரம் அளப்பது இவ்வளவே.

டெல்ட்டா மருந்துகள் இச்சோதனைக்கு வந்தன. அவ்வேற்பியின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் மற்றவற்றைவிடக் கூடுதலான நேரம் அசையாதிருந்தன என்று 2000இல் ஸ்ட்ராஸ்பூர்க் குழுவினர் எழுதினர். எஸ்.என்.சி. 80 கொடுக்கப்பட்ட எலிகளிடம் அசையா நேரம் குறைந்தது என்று 2002இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் காட்டினர். இரண்டும் ஒன்றையொன்று தாங்கும் முடிவுகள். தள்ளிவிடத் தக்கன அல்ல.

ஆயினும் முழுக் கணக்கையும் பார்த்தல் வேண்டும். எஸ்.என்.சி. 80 எலிகளை மிகுதியாக ஓடியாடச் செய்கிறது. அளவு மிகுந்தால் வலிப்பும் உண்டாகிறது. காப்பியில் உள்ள கஃபீன்கூட நீச்சற் சோதனையில் அசையா நேரத்தைக் குறைப்பதுண்டு. ஆனால் கஃபீனை மனச்சோர்வின் மருந்தென்று யாரும் கொள்வதில்லை. இதனை ஆராய்ச்சியாளரே உணர்ந்திருந்தனர். மருந்தை மெதுவாக ஏற்றினால் வலிப்பு நீங்குகிறது, நீச்சல் விளைவோ எஞ்சி நிற்கிறது என்று 2005இல் மிச்சிகன் குழுவினர் காட்டினர். வலிப்பு உண்டாக்காத வேறு சேர்மங்களை ஜப்பானியர் பின்னர் ஆக்கினர். தம் முடிவைத் தாமே ஐயுற்று மீண்டும் சோதித்த நேர்மை இங்கே போற்றத்தக்கது.

இன்னொரு சோதனை, கூட்டல் குறி வடிவில் தரையினின்றும் உயர்த்தி அமைத்த மேடை. அதன் இரு கைகளுக்குச் சுவர் உண்டு. மற்ற இரு கைகள் திறந்தவை. எலி இயல்பாகச் சுவருள்ள கைகளிலேயே ஒதுங்கும். எஸ்.என்.சி. 80 பெற்ற எலிகள் திறந்த கைகளில் கூடுதலான நேரம் இருந்தன என்று 2004இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் காட்டினர். தடுப்பு மருந்தின் பக்கத்திலும் பயன் உண்டு. மார்பினோடு நால்ட்ரின்டோலைச் சேர்த்துக் கொடுத்தால், சுண்டெலிகளிடம் மார்பினுக்கு உடல் பழகிப்போவதும் அதனையே சார்ந்து நிற்பதும் குறைகின்றன என்பது 1991இல் வெளிவந்த முடிவு.

தொல்காப்பியர் தரும் அளவுகோல்

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒரு சிறு சொல் தவறாமல் வருகிறது. மனச்சோர்வை நீக்கும் விளைவு என்று அவை எழுதுவதில்லை. நீக்குவது போன்ற விளைவு என்றே எழுதுகின்றன. அப்போன்ற என்னும் மூன்றெழுத்தே விஞ்ஞானியின் நேர்மைக்குக் காவல். அது பேச்சில் நழுவும், செய்தியில் சுருங்கும், தமிழுக்கு வரும்பொழுது பெரும்பாலும் மறைந்தே போகும்.

மறையும் முறையைத் தமிழாசிரியர் எளிதில் இனங்காணலாம். மதி போன்ற முகம் என்பது விரி. மதிமுகம் என்றால் உருபு தொக்கது. முகமதி என்று மாற்றினால் உருவகம். அங்கே முகம் வேறு, மதி வேறு என்ற எண்ணமே மறைந்துவிடும். எலிச் செய்தியும் இப்படிகளிலேயே இறங்குகிறது. மனச்சோர்வை நீக்குவது போன்ற விளைவு என்பது முதற்படி. மனச்சோர்வு நீக்கும் விளைவு என்பது இரண்டாம் படி; உருபு தொலைந்தது. சோர்வுற்ற எலி குணமடைந்தது என்பது மூன்றாம் படி, எலியே நோயாளியாயிற்று. மனச்சோர்வுக்குப் புதிய மருந்து என்பது நான்காம் படி. அங்கே எலியும் இல்லை, குடுவையும் இல்லை. கவிஞன் இவ்வாறு இறங்கினால் அது அணி. செய்தி எழுதுவோன் இறங்கினால் அது பொய்யாக முடியும்.

உவமம் எவ்வகையில் தோன்றுகிறது என்று கேட்கக் கற்பித்தவர் தொல்காப்பியர். வினை, பயன், மெய், உரு என்ற நான்கையும் உவமவியல் வகுத்துக் காட்டுகிறது. புலிபோல் பாய்ந்தான் என்பதில் வினை ஒப்பு. மழைபோல் கொடுத்தான் என்பதில் பயன் ஒப்பு. துடிபோன்ற இடை என்பதில் மெய் ஒப்பு. பவளம்போன்ற வாய் என்பதில் உரு ஒப்பு. எலியின் மிதப்புக்கும் மனிதரின் மனச்சோர்வுக்கும் உள்ள ஒப்பு இவற்றுள் எது?

வினை ஒப்பு என்று சொல்லுதல் அரிது. சோர்வுற்றவர் உறக்கமின்றி இரவெல்லாம் உலாவுவதும் உண்டு. உணவை வெறுப்பதும், தம்மையே பழிப்பதும் உண்டு. எலியோ சில நிமிடங்கள் மிதக்கிறது. வீணே களைத்துப்போகாமல் வலிமையைச் சேமிக்கக் கற்றுக்கொண்டது என்றும் அம்மிதப்புக்குப் பொருள் கொள்ளலாம். அவ்வாறு கொள்ளும் ஆராய்ச்சியாளரும் உளர். மெய்யும் உருவும் ஒவ்வா. எஞ்சுவது பயன் ஒன்றே. மனிதர்க்கு உதவிய மருந்துகள் இங்கும் ஒரு மாற்றத்தைத் தருகின்றன என்பதே இச்சோதனைக்கு அடிப்படை. அதுவும் முழு ஒப்பு அன்று. மனிதரிடம் அம்மருந்துகள் பயன் தர வாரங்கள் ஆகின்றன. குடுவையில் ஒரே நாளில் வேறுபாடு தெரிகிறது. ஆஸ்திரேலியாவின் தேசிய உடல்நல மருத்துவ ஆராய்ச்சி மன்றம், மனச்சோர்வின் மாதிரியாக நீச்சற் சோதனையைக் கொள்ளலாகாது என்று 2023இல் அறிவித்தது. அணியிலக்கணம் எழுப்பும் ஐயத்தையே ஆய்வுக்கூடமும் எழுப்பிற்று.

உவமவியலுக்கு முன் நிற்கும் மெய்ப்பாட்டியலும் துணை செய்யும். உள்ளத்து உணர்வு உடலின்வழிப் புறத்தார்க்குப் புலப்படுதல் மெய்ப்பாடு. ஆனால் உடற்குறியை மட்டும் கண்டு உணர்வுக்குப் பெயரிடும்படி தொல்காப்பியர் சொல்லவில்லை. ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் அது தோன்றும் களன்கள் நான்கைச் சுட்டினார். அழுகைக்கு இகழப்படுதல், இழத்தல், நிலை தாழ்தல், வறுமை என்பன களன்கள். அச்சத்துக்குத் தெய்வம், விலங்கு, கள்வர், அரசர் என்போர் களன்கள். குறியும் களனும் சேர்ந்தால்தான் பெயர்.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால் இரு சோதனைகளும் ஒரு தரத்தன அல்ல என்பது விளங்கும். மேடைச் சோதனையில் குறியும் தெரிகிறது, களனும் தெரிகிறது. சுவரோரம் வாழும் சிறு பிராணிக்குத் திறந்த வெளியும் உயரமும் ஆபத்தின் களன்களே. அங்கே அச்சம் என்ற சொல்லுக்கு ஓரளவு உரிமை உண்டு. குடுவையில் மிதக்கும் எலிக்கு மனச்சோர்வு என்று பெயரிட அத்தகைய உரிமை இல்லை. விலங்குக்கு உணர்வே இல்லை என்பது இதன் பொருளன்று. விலங்கை ஐயறிவுயிர் என்று வகுத்த மரபியலே, சில விலங்குகளை ஆறறிவின் பாலும் வைத்துப் பேச இடம் தருகிறது. உணர்வு உண்டா என்பதன்று சிக்கல். எப்பெயர் தகும் என்பதே சிக்கல்.

மனிதரிடம் வந்தபொழுது

உருபை விட்டுவிடுவதால் விளையும் தீங்கு, மருந்து மனிதரிடம் வரும்பொழுது தெரியும். அஸ்ட்ராசெனக்கா நிறுவனத்தின் டெல்ட்டா மருந்தொன்று, பதற்றத்தோடு கூடிய மனச்சோர்வு உடைய 22 பேரிடம் சோதிக்கப்பட்டு, முடிவு 2016இல் வெளிவந்தது. மருந்து பெற்றோர்க்கும் வெற்று மாத்திரை பெற்றோர்க்கும் இடையே உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. பதற்றத்தைக் குறைக்கும் தன்மை ஓரளவு இருக்கலாம் என்ற குறிப்பு மட்டுமே எஞ்சிற்று. சிறு சோதனை என்பதால் அதனை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளவும் ஆகாது. டெல்ட்டா ஏற்பியை மட்டும் குறியாகக் கொண்ட மருந்து எதுவும் இன்றளவும் மருத்துவத்துக்கு ஒப்புதல் பெறவில்லை. எலி வெற்றி பெற்றது என்ற தலைப்போடு நின்ற வாசகர்க்கு இவ்விரண்டாம் பகுதி தெரியாமலே போகும்.

வெற்றி பெற்ற மருந்தும் தெருவுக்கு வந்தபின் வேறு கதையாகலாம். சிங்கப்பூர் இதனைப் பட்டறிந்த ஊர். ஹெராயின் அடிமைகளை மீட்பதற்காக, சூபுடெக்ஸ் என்ற பெயரில் புப்ரநார்பின் மருந்து 2002இல் மருத்துவர்கள் வாயிலாக வழங்கப்படலாயிற்று. இது டெல்ட்டா மருந்து அன்று; ஆயினும் அபினிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாவின் அடியில் கரையவிட வேண்டிய மாத்திரையைச் சிலர் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டனர். 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு 14இல் அரசாங்கம் அதனைப் போதைப்பொருள் தவறாகப் பயன்படுத்தும் சட்டத்தின்கீழ் ‘ஏ’ வகுப்புப் பொருளாக்கிற்று. பிற நாடுகள் பலவற்றில் அதே மருந்து இன்றும் உயிர்காக்கும் சிகிச்சையாக நிற்கிறது. மருந்து நல்லதா தீயதா என்ற ஒரு சொல் தீர்ப்பு இங்கே செல்லாது. எலிக்கூண்டில் தோழர் இல்லை, கடன் இல்லை, பின்சந்து இல்லை, வீட்டாரின் கண்ணீர் இல்லை. இவை யாவும் உள்ள இடத்தில் மருந்து என்ன செய்யும் என்பதைக் கூண்டு சொல்லாது. சொல்வதாகக் கூண்டு வாக்களிக்கவும் இல்லை. வாக்களித்தது மொழிபெயர்ப்பே.

ஆசிரியர் செய்யத்தக்கது

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் விஞ்ஞானம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகிறது. விஞ்ஞானமும் தமிழும் ஒரு மாணவனுக்குச் சந்திக்கும் இடங்கள் இரண்டே: தமிழ்ச் செய்தித்தாளும் தமிழ் வகுப்பும். விஞ்ஞான வகுப்பில் எச்சரிக்கையோடு சொல்லப்பட்டது தமிழில் எச்சரிக்கையின்றி வந்தால், பிழை எழுதியவருடையது என்று மாணவன் எண்ணமாட்டான். தமிழுக்கு இவ்வளவுதான் இயலும் என்றே எண்ணுவான். உவமத்தின் வகைகளை நுணுகி வகுத்த மொழி, போன்ற என்று சொல்ல வலியற்றதாகத் தோன்றுவது பெருங்குறை.

தலைப்புக்கு இடம் குறைவு என்பர் சிலர். மூன்றெழுத்துக்கு இடமில்லாத தலைப்பு இல்லை. ஆராய்ச்சியாளரே பேச்சில் சோர்வுற்ற சுண்டெலி என்று சொல்லுகின்றனரே என்பர் வேறு சிலர். உண்மை, அவர்களுக்குள் அது குழூஉக்குறி. உருபு மறைந்திருப்பதை இருவரும் அறிவர். வெளியே நிற்கும் வாசகர் அறியார். குழூஉக்குறியை விரித்துச் சொல்லுவதே மொழிபெயர்ப்போன் கடமை.

சிராங்கூன் சாலையை ஒட்டிப் பீட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் உள்ளது. அங்கும், தீவின் பிற பள்ளிகளிலும், விஞ்ஞானச் செய்தியொன்றைக் கருத்தறிதல் பயிற்சிக்கு எடுக்கும் ஆசிரியர், மாணவரை நான்கு வினா கேட்கச் செய்யலாம். ஆராயப்பட்ட உயிர் எது? அது கண்காண என்ன செய்தது? எவ்வளவு மருந்து, எவ்வளவு நேரம்? எதனோடு, எந்த வகையில் ஒப்பிடப்படுகிறது? இந்நான்குக்கும் விடை தரும் வாக்கியம் நீளமாகவும் வேண்டியதில்லை. டெல்ட்டா ஏற்பியைத் தூண்டும் மருந்து பெற்ற எலிகள், மனச்சோர்வு மருந்து பெற்ற எலிகளைப் போலவே, நீரில் குறைந்த நேரமே அசையாதிருந்தன; மனிதர்க்கு இது பயன்படுமா என்பது இன்னும் உறுதிப்படவில்லை. இவ்வளவே போதும். இதில் வியப்பும் குறையவில்லை, நம்பிக்கையும் கெடவில்லை.

இலக்கணப் பயிற்சி தேர்வோடு முடிவதன்று. புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்துக்கு மகனை அழைத்துச் சென்று திரும்பும் தாய் ஒருத்தி, தேக்காச் சந்தையருகே செய்தித்தாள் வாங்கிப் பிரிக்கக்கூடும். புதிய மருந்து வந்துவிட்டது என்று படித்தால், வீட்டில் உள்ள மாத்திரையின்மீது அவளுக்கு ஐயம் பிறக்கலாம்; அடுத்த வாரம் அப்புதிய மருந்தைக் கேட்டு, இல்லையென்ற விடையோடு வரலாம். எலிகளிடம் ஓர் ஒப்புமை காணப்பட்டது என்று படித்தாலோ, காத்திருக்க வேண்டியது என்ன என்பதை அறிந்து காத்திருப்பாள். அவள் இலக்கணம் கற்றிருக்க வேண்டியதில்லை. அவளுக்காக எழுதுவோரும், எழுதக் கற்பிப்போரும் கற்றிருத்தல் வேண்டும்.